பாதி மணி கருப்பு, பாதி மணி மங்கல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

கடலூர் ஓ.டி.யிலேர்ந்து எழுதறேன், வயசு 41. எங்க அம்மாவோட அப்பா பாண்டிச்சேரிக்காரர், வியட்நாம் சைகோன்ல பிரெஞ்சு கவர்மெண்ட்ல கிளார்க்கா இருந்தவரு. 1954 வாக்குல ஊர் திரும்பறப்போ ஒரு அகில் மணி மாலை கொண்டாந்தாராம். 108 மணி, அது போக ஒரு பெரிய மணி. அவர் போனப்புறம் ஆயாகிட்ட இருந்துச்சு, ஆயாவும் போய் ரொம்ப வருஷமாச்சு, போன மாசம்தான் அம்மாவோட டிரங்குப் பெட்டியில கெடச்சுது. தாத்தா ஆயா ரெண்டு பேரும் சர்ச்சுக்குப் போறவங்க, அம்மா கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததால எங்களுக்கு அந்தப் பழக்கம் எதுவும் தெரியாது.

பிரச்சினை என்னன்னா, பெரிய மணிக்கு ஒரு பக்கமா 53 மணி கருகருன்னு பளபளப்பா இருக்கு, மிச்சம் 55 மணி பழுப்பா மங்கலா இருக்கு. நடுவுல செவப்பு நூல் முடிச்சு வேற, பெரிய மணி கிட்ட ஒண்ணு, மூணு மணி தள்ளி ஒண்ணு, அப்புறம் பத்துப் பத்து மணிக்கு ஒண்ணு, அதுவும் கருப்புப் பக்கம் மட்டும்தான். யாராவது பாதி மணியை மாத்திட்டாங்களா? நல்ல அகில்னா மூழ்கும்னு யூடியூப்ல சொன்னாங்கன்னு தண்ணியில போட்டேன், மிதக்குது. 8 எம்எம் மணி, நகைக்கடை தராசுல 21 கிராம். ஒரு கடைக்காரர் எல்லாத்தையும் பஃப் பண்ணி (மெஷின்ல தேய்ச்சு பாலிஷ் பண்ணி) ஆயில் ஏத்தி ஒரே கலராக்கி புது நூல்ல கோத்துத் தர்றேங்கறாரு. பாரிஸ்ல இருக்கற தம்பிக்குக் குடுக்கலாம்னு ஐடியா. செய்யலாமா சார்? போட்டோ அனுப்பியிருக்கேன்.

– எம்., கடலூர் முதுநகர்

தம்பி (41ன்னு சொல்லிட்டீங்க, எனக்கு அதுக்கு மேல இருபது, அதனால தம்பின்னே கூப்பிடறேன்),

நீங்களே எண்ணி எழுதின நம்பரை இன்னொரு தடவை படிங்க. 53. நான் பொறந்து வளந்தது முத்தியால்பேட்டையில, பக்கத்து வீட்டுல சாயங்காலம் ஏழு மணி ஆனா ஜெபமாலை ஆரம்பிச்சுடும், எங்க வீட்டுல அதைக் கேட்டுத்தான் அடுப்புல அரிசி போடுவாங்க. அதுக்கு அவங்க சொல்ற பேரே ஐம்பத்து மூணு மணி ஜெபம். முதல்ல ஒரு பரலோக மந்திரம், மூணு அருள் நிறைந்த மந்திரம், அப்புறம் பத்துப் பத்தா அஞ்சு தடவை, ஒவ்வொரு பத்துக்கும் முன்னாடி ஒரு பரலோக மந்திரம். மூணும் அம்பதும் அம்பத்து மூணு. உங்க ஆயா என்ன பண்ணியிருக்காங்கன்னா, தாத்தா கொண்டாந்தது பௌத்தங்க உருட்டற 108 மணி மாலை, அதுல பரலோக மந்திரத்துக்குத் தனி மணி கிடையாது, அதனால அந்த எடத்துல எல்லாம் செவப்பு நூலைக் கட்டிட்டாங்க, பெரிய மணியிலேர்ந்து ஆரம்பிச்சு 53ல நிறுத்திட்டாங்க, மிச்சம் 55 மணி முழங்கை பக்கமா சும்மா தொங்கிட்டு இருந்திருக்கு. யாரும் எதையும் மாத்தல. ஒரே மாலை, பாதியை ஜெபிச்சிருக்காங்க பாதியை ஜெபிக்கல, அவ்வளவுதான்.

இதை நான் சும்மா கதைக்காக சொல்லல, உங்க போட்டோவைப் பெருசு பண்ணி அரைமணி நேரம் பாத்தேன். மங்கலான மணியில ஓட்டையை ஒட்டின முகத்துல ஊசியால குத்தின மாதிரி பழுப்புப் புள்ளிங்க இருக்கு, பக்கவாட்டுல அதே புள்ளிங்க சின்னச் சின்ன கோடா ஓடுது. கருப்பு மணியிலயும் அதே புள்ளி, அதே கோடு, அதே நெருக்கம், என்ன, மேல இருக்கற பளபளப்புல கண்ணு வழுக்கிடுது. அகில் மரத்துல பட்டைக்குள்ள இருக்க வேண்டிய திசு கட்டைக்குள்ளயும் தீவு தீவா இருக்கும், மரத்துக்கு காயம் பட்டு பூஞ்சை ஏறினா பிசின் அதிகமா சேர்ற எடங்கள்ல அதுவும் ஒண்ணு. காயம் படாத அகில் மரம் வெள்ளையா, லேசா, வாசனையே இல்லாம இருக்கும். நோய் வந்தாதான் சரக்கு.

தண்ணியில போட்டதுக்கு உங்களைத் திட்டணும், ஆனா எனக்கு அந்த யோக்யதை இல்ல. பல வருஷம் முன்னாடி ஆன்லைன்ல 'மூழ்கும் அகில்'னு கையில போடற மணி மாலை ஒண்ணு வாங்கினேன், வந்த அன்னைக்கே எவர்சில்வர் டம்ளர்ல போட்டேன், கல்லு மாதிரி கீழ போச்சு, வீட்டுல எல்லாரையும் கூப்பிட்டுக் காமிச்சேன். ஒரு வாரத்துல விரல் எல்லாம் கருப்பு. வாசனை ஹால்ல உக்காந்தா கிச்சன் வரைக்கும் வருது, அதுவும் டாக்ஸி டேஷ்போர்டுல வெச்சிருப்பாங்களே அந்த வாசனை. ஒரு மணியை ரெண்டா அறுத்துப் பாத்தேன், மேல அரை எம்எம் கருப்பு, உள்ள ஏதோ மட்டமான கட்டை, நடுவுல ஈயக்குண்டு மாதிரி ஒண்ணு. அன்னையிலேர்ந்து நான் தண்ணியை நம்பறதில்ல, தராசைத்தான் நம்பறேன்.

உங்க கணக்கையே போட்டுப் பாக்கலாம். 8 எம்எம் உருண்டை ஒண்ணு 0.268 மில்லி. 108ஆல பெருக்கினா 29 மில்லி, ஓட்டைக்கு கொஞ்சம் கழிச்சா சுமார் 27. பிசின் இல்லாத வெறும் கட்டையா இருந்தா 11 கிராம் பக்கம் இருக்கும். மூழ்கணும்னா 27க்கு மேல இருக்கணும். உங்களது பெரிய மணியையும் நூலையும் கழிச்சா எப்படியும் 19, 20 வரும். அதாவது வெறும் கட்டையைவிட கிட்டத்தட்ட ரெண்டு பங்கு, ஆனா மூழ்கற அளவுக்கு இல்ல. நல்ல நடுத்தர சரக்கு, மிதக்கத்தான் செய்யும். எவனாவது இதே சைஸ்ல 45 கிராம் மாலை காமிச்சா எழுந்து வந்துடுங்க, மரத்தோட செல்சுவர் அடர்த்தியே 1.5 பக்கம்தான், காத்தே இல்லாம அமுக்கினாலும் 45 வராது, உள்ள உலோகம் இருக்கு.

மங்கல் பக்கம் வாசனை கம்மியா இருந்தாலும் ஃபீல் பண்ணாதீங்க. நல்ல அகில் அறை சூட்டுல ரொம்பப் பேசாது. அதுல குரோமோன்னு ஒரு வகைச் சரக்கு இருக்கு, அது பச்சையா இருக்கறப்போ வாசனையே காட்டாது, சூடு பட்டு உடைஞ்சாதான் வெளிய வரும், அதனாலதான் ஜப்பான்காரங்க சாம்பலுக்கடியில கரி வெச்சு மேல துணுக்குக் கட்டையை வெச்சு முகர்றாங்க. மணியை எரிக்கச் சொல்லல! உள்ளங்கையில ரெண்டு நிமிஷம் மூடி வெச்சுட்டு மூக்குகிட்ட கொண்டு போங்க, மங்கல் மணியும் வாய் திறக்கும். (நாட்டு மருந்துக்கடையில அகில் கட்டைன்னு குடுக்கறதை வெச்சு ஒப்பிடாதீங்க, பல எடத்துல அது மேற்குத் தொடர்ச்சி மலை வெள்ளகில், வேற குடும்பத்து மரம். நமக்கு அகில் பேர் பழசு, சிலப்பதிகாரத்துலயே கொண்டல் காத்தோட கப்பல்ல வர்ற சரக்குல துகில், ஆரம், கருப்பூரத்தோட அகிலும் இருக்கு, உங்க தாத்தா வந்ததும் அதே திசையிலேர்ந்துதான்.)

இப்ப கடைக்காரர் மேட்டர். பஃப் பண்ணினா முதல்ல போறது அந்த 53 மணியோட மேல்தோல். அது வார்னிஷ் இல்ல தம்பி, கைச்சூட்டுல கசிஞ்ச பிசினும் ஆயாவோட விரல் எண்ணெயும் வேர்வையும் வருஷக்கணக்கா தேய்ஞ்சு சேர்ந்தது, சீனாவுல மணி மாலை சேகரிக்கறவங்க இந்த ஒரு பளபளப்புக்காக பருத்தி கிளவுஸ் போட்டு மாசக்கணக்குல உருட்டறாங்க, அப்பவும் இப்படி வராது. ஆயில் ஏத்தினா பிசின் அதுல கரையும், தூசி ஒட்டும், தேங்காயெண்ணெயா இருந்தா சிக்கு நாத்தம் வேற. அப்புறம் 108ம் ஒரே கலர்ல, ஏதோ கடையில தொங்கற மாலை மாதிரி ஆயிடும். ஜப்பான்ல நாரா ஊர் ஷோசோயின் கருவூலத்துல ரஞ்சதாய்னு ஒரு அகில் கட்டை இருக்கு, ஒண்ணரை மீட்டருக்கு மேல நீளம், 11.6 கிலோ. 1574ல ஓதா நொபுநாகாங்கற தளபதி ஒரு துண்டு வெட்டினாரு, 1877ல மெய்ஜி சக்கரவர்த்தி ஒரு துண்டு. வெட்டின எடத்தை யாரும் இழைச்சு சமமாக்கல, இன்னார் வெட்டினதுன்னு அங்கங்க சீட்டு ஒட்டி வெச்சிருக்காங்க. ராஜா வெட்டின காயத்துக்கே அந்த மரியாதைன்னா, உங்க ஆயா கட்டின நூல் முடிச்சுக்கு நான் அதைவிட ஒரு படி மேலதான் குடுப்பேன்.

நூல் இத்துப் போயிருந்தா மட்டும் புதுசா கோக்கணும், வேற வழியில்ல. ஆனா கழட்டறதுக்கு முன்னாடி நீளமா விரிச்சு போட்டோ எடுங்க, ஒரு வெள்ளைத் துணியில மணியை வரிசை மாறாம வெச்சு, எந்த மணி எந்தப் பக்கம் பாத்துதுங்கறது உட்பட, ஒவ்வொண்ணா புது நூலுக்கு மாத்துங்க, செவப்பு முடிச்சு இருந்த எடத்துல செவப்பு முடிச்சு. பழைய நூலைத் தூக்கிப் போடாம அதே கவர்ல வெச்சுக்கோங்க. ஜிப் கவர் போதும், வெயில் வேணாம், சானிடைசர் போட்ட கையால தொடவே வேணாம், சென்ட் அடிச்ச சட்டைப் பக்கமே கொண்டு போகாதீங்க. தண்ணியில போட்டதுக்கு ஒண்ணும் பண்ண வேணாம், ஃபேனுக்கு நேரா வைக்காம நிழல்ல ரெண்டு நாள் விட்டாப் போதும்.

பாரிஸ் விஷயம்: அகில் மரம் எல்லா வகையுமே 2005லேர்ந்து சைட்டிஸ் (அழியற ஆபத்துல இருக்கற செடி, மிருக வியாபாரத்தைக் கட்டுப்படுத்தற சர்வதேச ஒப்பந்தம்) பட்டியல்ல இருக்கு, எல்லை தாண்ட பர்மிட் வேணும். சொந்த உபயோகத்துக்கு ஆளுக்கு ரெண்டு மாலை வரைக்கும் சலுகை அந்த ஒப்பந்தத்துல இருக்கு, ஆனா எல்லா நாடும் அதை ஒரே மாதிரி எடுத்துக்கறதில்ல, கொரியர்ல அனுப்பற வேலை வெச்சுக்காதீங்க, உங்க தம்பி ஊருக்கு வர்றப்போ ரெண்டு நாட்டுப் பக்கமும் விசாரிச்சுட்டு கையில குடுங்க. குடுக்கறப்போ மங்கல் பக்கத்தை என்ன பண்றதுன்னு அவர் கேப்பாரு. சும்மா விட்டுடச் சொல்லுங்க, உருட்டணும்னு ஆசையா இருந்தா அவர் அந்த 55ல உருட்டிக்கட்டும்.

அம்மாகிட்ட ஒண்ணு கேட்டு எழுதுங்க, ஆயா முட்டி போட்டு ஜெபிப்பாங்களா, கட்டில்ல உக்காந்தா. பெரிய மணிக்கு அடுத்த மூணு மணி மத்த அம்பதைவிட கொஞ்சம் கம்மியா தேஞ்ச மாதிரி எனக்கு தோணுது, ஜெபம் ஆரம்பிச்சப்புறம் லேட்டா வந்து சேர்ந்துக்கற ஆளா இருந்திருப்பாங்களோன்னு ஒரு சந்தேகம்.

கடைக்காரர்கிட்ட அட்வான்ஸ் குடுத்திருந்தா அது போகட்டும். மாலையை குடுத்திருந்தா இன்னைக்கே போய் வாங்கிட்டு வந்துடுங்க.