கை குணமாகும் வரை வேலையை விடாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 41. சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கிறோம். டர்பனில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். மாதச் சம்பளம் 16,000 ராண்ட். இரண்டரை ஆண்டுகளுக்கு முன் எங்கள் காரின் பின்னால் ஒரு லாரி இடித்தது. அதற்குப் பிறகு கழுத்து வலி, வலது கையில் சுண்டுவிரல், மோதிரவிரல் மரத்துப்போதல் என்று படிப்படியாக ஏறி, கடைசியில் 'தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம்' என்று கண்டுபிடித்தார்கள். அக்டோபர் தொடக்கத்தில் அறுவை சிகிச்சை செய்து முதல் விலா எலும்பை எடுத்தார்கள். இன்னும் மூன்று மாதமாவது வேலைக்குப் போகக் கூடாது என்கிறார் டாக்டர். நவம்பர் நடுவில் மருத்துவ விடுப்பு முடிந்து சம்பளம் நின்றுவிட்டது. கணவர் மாதம் 21,000 ராண்ட் சம்பாதிக்கிறார். மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு அவர் வேலை வழியாக வருவது. மயக்க மருந்து டாக்டர், உதவி அறுவை மருத்துவர் இருவருக்கும் மெடிக்கல் எய்ட் கொடுத்தது போக 28,000 ராண்ட் பாக்கி. காருக்கு மாதத் தவணை 3,900. என் ஓய்வூதிய நிதியின் சேமிப்புப் பகுதியில் சரியாக 28,000 ராண்ட் இருக்கிறது. அதை எடுத்துக் கட்டிவிடலாமா? மைத்துனர் ஒரு மஷோனிசாவிடம், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரரிடம், வாங்கித் தருகிறேன் என்கிறார். என் முதலாளியோ, "ராஜினாமா செய்துவிட்டு, குணமானதும் வந்து சேர்ந்துகொள்" என்று அன்பாகச் சொல்கிறார். என்ன செய்வது? — வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: சகோதரி, நீங்கள் கேட்டது ஓய்வூதியப் பணத்தைப் பற்றி. கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். முதலாளி நல்ல மனதோடு சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்களாக விலகினால், அரசின் வேலையின்மைக் காப்பீட்டு நிதியான யூஐஎஃப் வேலையின்மைக்குத் தரும் பணம் கிடைக்காது. நிறுவனத்தின் ஓய்வூதிய நிதியோடு சேர்ந்து வரும் ஊனக் காப்பீடு இருந்தால் அதுவும் அன்றே முடிந்துவிடும். பல நிதிகளில் இப்படிப்பட்ட காப்பீடு ஒன்று இருக்கும்; மூன்று அல்லது ஆறு மாதக் காத்திருப்புக்குப் பிறகு சம்பளத்தின் ஒரு பகுதியை மாதாமாதம் தரும். உங்கள் நிதியில் இருக்கிறதா, காத்திருப்பு எத்தனை மாதம், எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று எச்ஆர் துறையிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

உடல்நலக் குறைவுக்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்க வேண்டுமானால், எவ்வளவு காலம் வர முடியாது, வேலையை மாற்றிக் கொடுக்க வழி உண்டா என்றெல்லாம் நிறுவனம் முதலில் ஆராய வேண்டும். முறையில்லாமல் நீக்கினால் 30 நாட்களுக்குள், வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பான சிசிஎம்ஏவிடம் போகலாம். நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் இந்தக் கதவுகள் எல்லாம் பெரும்பாலும் மூடிவிடும்.

அடுத்து, உங்கள் சம்பளச் சீட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் யூஐஎஃப் என்ற வரிக்கு எதிரே 160 ராண்ட் என்று இருக்கும். முதலாளியும் தன் பங்காக 160 கட்டியிருப்பார். நம்மவர்களில் பலர் இது வேலை போனால் மட்டும் கிடைக்கும் பணம் என்று நினைக்கிறார்கள். நோய்க்கும் உண்டு. உங்கள் சம்பளத்துக்கு மாதம் 6,000 ராண்டுக்குச் சற்று மேல் வரும், வரியும் இல்லை. ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கட்டியவருக்கு நாள் கணக்கு தாராளமாகவே இருக்கும். யூஐ-2.2 படிவத்தில் டாக்டர் நோயையும் தேதிகளையும் நிரப்ப வேண்டும், யூஐ-2.7 முதலாளியின் வேலை. வேலையை நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், ஆனால் பணம் கைக்கு வர வாரங்கள் ஆகும் என்பதால் இந்த வாரமே போடுங்கள். படிவத்தை டாக்டரின் வரவேற்பு மேசையில் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். நிரப்பி முத்திரை போடும் வரை கணவர் அங்கேயே இருக்கட்டும். ஒரு தேதி விடுபட்டாலும் படிவம் திரும்பி வரும்.

கார் கடன். ஒப்பந்தத்தில் 'கிரெடிட் லைஃப்' என்று ஒரு காப்பீடு இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்; மாதத் தவணையோடு அதற்கும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டிருப்பீர்கள். கடன்காரர் கட்டாயம் என்று கேட்டு வாங்கும் இந்தக் காப்பீட்டுக்கு 2017 ஆகஸ்டிலிருந்து குறைந்தபட்ச விதிகள் உண்டு. தற்காலிகமாக வேலை செய்ய முடியாமல் போனால், நீங்கள் மீண்டும் சம்பாதிக்கத் தொடங்கும் வரை, அதிகபட்சம் 12 மாதத் தவணைகளைக் காப்பீட்டு நிறுவனம் கட்ட வேண்டும். கடன் உங்கள் பெயரிலா, காப்பீடு உங்கள் பெயரிலா என்பது முக்கியம்; கணவர் பெயரில் இருந்தால் உங்கள் அறுவை சிகிச்சைக்கு அது பேசாது. துணிக்கடைக் கணக்கு, மரச்சாமான் கணக்கு இருந்தால் அவற்றையும் புரட்டிப் பாருங்கள். கோரிக்கைக்குப் பதில் வரும் வரை தவணையை நிறுத்தாதீர்கள். கட்ட முடியாத மாதத்தில் வங்கிக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

இனி உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் வந்த லாரி. எனக்கு அந்த வரிதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியதாகத் தெரிகிறது. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றை காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே ஓர் ஒடுக்கமான சந்தில் நுழைகிறது. பின்னாலிருந்து வண்டி மோதும்போது கழுத்து வெடுக்கென்று ஆடி, அங்குள்ள தசைகள் காயப்பட்டு இறுகி, அந்த நரம்பை நெரிப்பது மருத்துவர்கள் அறிந்த காரணங்களில் ஒன்று. உங்கள் நோய்க்கு அதுதான் காரணமா என்று நான் சொல்ல முடியாது. உங்கள் அறுவை மருத்துவர் சொல்லலாம். அவர் ஆமென்று எழுதிக் கொடுத்தால், சாலை விபத்து நிதியான ஆர்ஏஎஃப்பிடம் மருத்துவச் செலவுக்கும் இழந்த சம்பளத்துக்கும் கோர முடியும். இடித்த வண்டியின் ஓட்டுநர் அல்லது உரிமையாளர் யாரென்று தெரிந்தால் விபத்து நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் அவகாசம். யாரென்று தெரியாமல் ஓடிவிட்டால் இரண்டே ஆண்டுகள். அன்று போலீஸில் பதிவு செய்த எண்ணும் லாரியின் நம்பர் பிளேட்டும் இருக்கிறதா? இருந்தால் உங்களுக்கு இன்னும் ஏறக்குறைய ஆறு மாதம் மீதமிருக்கிறது. மருத்துவரின் கடிதம், ஸ்கேன், பழைய பிசியோதெரபி ரசீது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள். வக்கீல் வழியாகப் போனால், வெற்றி பெற்றால் மட்டும் கட்டணம் என்ற ஒப்பந்தத்தில் அவருடைய பங்கு கிடைக்கும் தொகையில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் கேட்பவரிடம் போகாதீர்கள். இந்தப் பணம் வர ஆண்டுகள் ஆகலாம், எனவே இதை நம்பி இப்போது ஒரு செலவும் செய்ய வேண்டாம். ஆனால் கதவு மூடுவதற்குள் காலை வைத்துவிட வேண்டும்.

இப்போது 28,000. சேமிப்புப் பகுதியிலிருந்து முழுத் தொகையையும் எடுத்தால், 18 சதவீத வருமான வரி அடுக்கில் 5,040 ராண்ட் வரியாகப் போய் 22,960 மட்டும் கைக்கு வரும். நிர்வாகக் கட்டணம் அதிலும் கழியும். பில் தீராது, ஓய்வூதியமும் போயிருக்கும். அதே பணம் ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்ந்தால் உங்கள் 65 வயதில் 177,000 ராண்ட் அளவுக்கு நிற்கும். அவசியம் வந்தால் எடுக்கத்தான் அந்தப் பகுதி, நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் ஒரு வரியாண்டில் ஒரே ஒரு தடவைதான் எடுக்க முடியும். குறைந்தபட்சம் 2,000 ராண்ட். அந்த ஒரு வாய்ப்பை இப்போதே செலவழித்துவிட்டால், யூஐஎஃப் தாமதமாகும் மாதத்தில் கடைக்காரருக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது.

மருத்துவர்களின் பில்லுக்கு இரண்டு வேலை செய்யுங்கள். மெடிக்கல் எய்ட்கள் கட்டாயம் தர வேண்டிய குறைந்தபட்ச நன்மைகள் பட்டியலில் இந்தச் சிகிச்சை வருகிறதா, வராவிட்டால் ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். வந்தால் விதிமுறைப்படி முழுத் தொகையும் அவர்கள் பொறுப்பு. பதில் சரியில்லை என்றால் மெடிக்கல் எய்ட்களைக் கண்காணிக்கும் மன்றத்திடம் செலவில்லாமல் முறையிடலாம். அது நடக்கும்போதே இரு மருத்துவர்களின் அலுவலகங்களையும் அழைத்துப் பிப்ரவரி இறுதி வரை தவணை கேளுங்கள். பிப்ரவரி என்பதற்குக் காரணம் உண்டு. கணவரின் வருமானத்தில் 7.5 சதவீதத்தைத் தாண்டும் மருத்துவச் செலவுக்குக் கால் பங்கு வரிச்சலுகை இருக்கிறது. அவர் கணக்கிலிருந்து 28,000 முழுவதையும் இந்த வரியாண்டிலேயே கட்டினால், ஏறத்தாழ 2,275 ராண்ட் வரி குறையும். பாதியை மார்ச்சுக்குத் தள்ளினால் வரம்பைத் தாண்டாமலே போகலாம். ஆனால் அந்த 2,275 ராண்டுக்காக வட்டிக்கு வாங்க வேண்டாம்.

மைத்துனரிடம் நன்றி சொல்லிவிடுங்கள். ஏடிஎம் கார்டையும் ரகசிய எண்ணையும் பிடித்து வைத்துக்கொண்டு கடன் கொடுப்பது சட்டப்படி குற்றம், ஆனால் மஷோனிசா வழக்கமாகச் செய்வது அதைத்தான். மாமியார் தைப்பூசக் காவடி நேர்ந்திருக்கிறார் என்று பின்குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். அது என் துறையல்ல. இருந்தாலும் விலா எலும்பு எடுத்த தோளில் இந்த ஆண்டு எதையும் ஏற்ற வேண்டாம், பிசியோதெரபிஸ்ட் அனுமதிக்கும் வரை நேர்த்தியை வேறு யாராவது எடுக்கட்டும்.

வேலைக்குத் திரும்பும் நாளை நீங்களாகக் குறிக்காதீர்கள். ஜனவரி பரிசோதனையில், முதலில் அரை நாள், எடை தூக்காத வேலை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் அதை எச்ஆரிடம் கொடுங்கள். அரைச் சம்பளம் வரும் மாதத்தில் யூஐஎஃப் ஏதாவது தருமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.