ஊரிலிருந்து வந்த பையன் ராத்திரி தூங்காமல் அழுகிறான்: பதில்

பையனின் ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்கு மாற்றுங்கள். அப்பா வரும்வரை காத்திருக்க வைக்க வேண்டாம். ஒரு வருஷம் தேனிப் பக்கம் பாட்டி வீட்டில் இருந்த ஐந்து வயசுப் பிள்ளை, பெங்களூரு வந்து மூன்று வாரமாகப் பத்தரை வரை அழுகிறான் என்கிறீர்கள். பாட்டி செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

எட்டு மணிக்குப் பாட்டியை ஒட்டிப் படுத்துப் பழகிய உடம்பு அது. இங்கே சில்க் போர்டு சந்திப்பின் போக்குவரத்து நெரிசலைத் தாண்டி உங்கள் வீட்டுக்காரர் வரவே ஒன்பதரை. தூங்கும் நேரம் தப்பினால் பிள்ளை அழத்தான் செய்யும். போதாததற்குப் பாட்டியையும் விட்டு வந்திருக்கிறான். என் மகளும் இப்படித் திரும்பி வந்தபோது இரண்டு மாதம் என் கையால் சாப்பிட மறுத்தாள். அந்த வலி எனக்குத் தெரியும்.

ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள்:

1. ஏழுக்குச் சாப்பாடு, எட்டுக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். தூங்கிய நேரத்தைக் காலண்டரில் குறியுங்கள்.

2. பாட்டிக்கு வீடியோ கால் ஆறு மணிக்குள். படுக்கும் நேரத்தில் பேசினால் ஏக்கம் கிளம்பிவிடும்.

3. அப்பாவுக்குக் காலை நேரம். ஞாயிற்றுக்கிழமை லால்பாக் பூங்காவுக்குக் கூட்டிப்போகட்டும். அங்கே சுமார் 300 கோடி வருஷத்துப் பாறை இருக்கிறது, ஆசை தீர ஏறட்டும். ஊரில் ஓடித் திரிந்த கால்கள் அல்லவா!

குறட்டை, எடை குறைவது, நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பு திரும்புவது, இவற்றில் ஏதாவது இருந்தால் வாரம் முடியக் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.