மரம் அறுக்கும் மெஷினுக்கு எத்தனை மில்லி ஆயில்? கேள்வி பதில்

டூ-ஸ்ட்ரோக் செயின்சாவுக்குப் பெட்ரோலில் எந்த ஆயிலை, எவ்வளவு கலப்பது என்பது பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

பட்டுக்கோட்டை, தென்னந்தோப்பு: அண்ணே, எங்களிடம் இருப்பது 45 சிசி மெஷின். விற்றவர் லிட்டருக்கு 20 மில்லி போதும் என்றார். ரிப்பேர் கடையில் 40 மில்லி ஊற்றச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு பேரும் வேறு வேறு ஆயிலை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். ஸ்டில் கம்பெனி கையேடுகளில் அவர்களுடைய டூ-ஸ்ட்ரோக் ஆயிலுக்கு 50:1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. அது கிடைக்காமல் வேறு கம்பெனியின் ஏபிஐ டிசி (காற்றால் குளிரும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான அமெரிக்கத் தரம்) ஆயிலை ஊற்றினால் 25:1, அதாவது 40 மில்லி. ஹஸ்க்வர்னா கம்பெனி கையேடுகளில் சொந்த ஆயிலுக்கு 50:1, காற்றால் குளிரும் எஞ்சினுக்கான வேறு ஆயில் என்றால் 33:1, அதாவது 30 மில்லி. ஆக, எத்தனை மில்லி என்று கேட்கும் முன் எந்த ஆயில் என்று கேட்க வேண்டும்.

கையேடு இருந்தால் அதன்படி போங்கள். கையேடு தொலைந்து, கேனில் ஜாசோ எஃப்டி (ஜப்பானியத் தரக் குறியீடு) என்று போட்ட நல்ல ஆயிலும் கையில் இருந்தால் லிட்டருக்கு 25 மில்லி ஊற்றுங்கள். அது 40:1. வெயிலில் நாள் முழுக்க ஓடும் மெஷினுக்கு அந்தக் கூடுதல் 5 மில்லி நல்லதுதான். 5 லிட்டர் கேனுக்குக் கணக்கு: 50:1 என்றால் 100 மில்லி, 40:1 என்றால் 125, 33:1 என்றால் 150, 25:1 என்றால் 200.

அதே தோப்பிலிருந்து: ஆயில் குறைந்தால்தானே பிஸ்டன் போகும்? கூடினால் என்ன கெடுதல்? பாதுகாப்புக்காக 60 மில்லி ஊற்றலாமா?

வேண்டாம். கூடுதல் ஆயில் முழுதாக எரியாமல் கரியாகப் படியும். சைலன்சருக்குள் இருக்கும் வலை அடைபடும், எக்ஸாஸ்ட் துளை சுருங்கும், பிளக் ஈரமாகி ஸ்டார்ட்டிங் தகராறு வரும். பிஸ்டன் ரிங் தன் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஷன் போய்விடும்.

பலரும் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. கார்புரேட்டர் ஜெட் வழியாகப் போகும் திரவத்தின் அளவு ஏறக்குறைய மாறாது. அதில் ஆயிலின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறையும். 20 மில்லியிலிருந்து 40 மில்லிக்குப் போனால் பெட்ரோல் சுமார் 2 சதவீதம் குறைகிறது. ஏற்கெனவே பெட்ரோல் குறைவாக இழுக்கும்படி திருகி வைத்த மெஷினாக இருந்தால், பாதுகாப்புக்கு ஊற்றிய ஆயிலே சூட்டை ஏற்றிவிடும். ஆயில் அளவை மாற்றினால் டியூனிங்கையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

திண்டுக்கல்: ஸ்பேர்ஸ் கடையில் ஆட்டோவுக்கும் பழைய பைக்குக்கும் விற்கும் 2டி ஆயில் போதுமா? நீலம், பச்சை, சிவப்பு என்று பல நிறத்தில் இருக்கிறதே?

நிறம் வெறும் சாயம். பெட்ரோலில் ஆயில் கலந்தாகிவிட்டது என்று கண்ணுக்குக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது, தரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கேனின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ஜாசோ தரவரிசை எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்று மேலே போகிறது. எஃப்சி புகை குறைவானது. எஃப்டி அதோடு சேர்த்துக் கரியையும் நன்றாகக் கழுவும். ஐஎஸ்ஓ முறையில் இவற்றுக்கு இணையானவை இஜிபி, இஜிசி, இஜிடி. செயின்சாவுக்கு எஃப்டி வாங்குங்கள், கிடைக்காவிட்டால் எஃப்சி. வெறும் ஏபிஐ டிசி மட்டும் போட்டிருந்தால் அவசரத்துக்கு ஊற்றலாம், ஆனால் 50:1 வேண்டாம், 25:1. எந்தத் தரமும் அச்சிடாத ஆயிலைத் தொடாதீர்கள். லூஸில் அளந்து கொடுப்பதும் வேண்டாம்.

யாழ்ப்பாணம்: அண்ணை, மீன்பிடி போட் எஞ்சினுக்கு வாங்கின ஓயில் மிச்சம் கிடக்கு. அதை மரம் அரியிற மெசினுக்கு விடலாமோ? ரெண்டும் டூ-ஸ்ட்ரோக் தானே.

விட வேண்டாம் தம்பி. அந்தக் கேனில் டிசி-டபிள்யூ3 என்று இருக்கும். வெளியே மாட்டும் போட் எஞ்சினைத் தண்ணீர் குளிரவைக்கிறது, அதனால் சிலிண்டர் சூடு ஒரு அளவுக்குள் நிற்கும். அந்தச் சூட்டுக்குச் சாம்பல் விடாமல் எரியும்படி செய்த ஆயில் அது. செயின்சாவில் காற்று மட்டும்தான். சுற்று நிமிடத்துக்கு 12,000-ஐத் தாண்டும், சிலிண்டர் அதைவிட நன்றாகக் கொதிக்கும். அந்தச் சூட்டில் இந்த ஆயில் ரிங் பள்ளத்தில் பிசினாகப் பிடிக்கும். ஒரு நாள் ஓட்டினால் ஒன்றும் தெரியாது, அதுதான் ஏமாற்றும். போட் ஆயிலைப் போட் எஞ்சினுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆத்தூர்: 20டபிள்யூ-40 எஞ்சின் ஆயில்?

கூடாது. அது எரிவதற்கான ஆயிலே அல்ல. அதில் உள்ள துத்தநாகம், கால்சியம் சேர்மங்கள் எரிந்தால் சாம்பலாகி பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் கட்டும்.

புதுக்கோட்டை: தண்ணீர் பாட்டிலில் ஒரு லிட்டர் பெட்ரோல் பிடித்து, அதன் மூடியால் ஆயில் அளந்து ஊற்றுகிறோம். சரிதானா ஐயா?

பாட்டில், மூடி இரண்டையும் விட்டுவிடுங்கள். மூடியின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், இரண்டு மூடியா மூன்றா என்று எண்ணிக்கையும் தவறிப்போகும். மருந்துக் கடையில் ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்ச் கிடைக்கும். 50:1-க்கு லிட்டருக்கு அது ஒன்று, அவ்வளவுதான். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வைத்தால் யாராவது குடித்துவிடும் ஆபத்து உண்டு, வெயிலில் உப்பி மூடி தெறிக்கவும் செய்யும். பெட்ரோலுக்கென்றே செய்த கெட்டிக் கேன் வாங்குங்கள். கேனைத் தரையில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும், வண்டியில் வைத்தபடி அல்ல.

முதலில் பாதிப் பெட்ரோல், பிறகு அளந்த ஆயில் முழுவதும். கேனை மூடி அரை நிமிடம் குலுக்குங்கள். மீதிப் பெட்ரோலை ஊற்றி மறுபடி குலுக்குங்கள். மெஷின் டேங்கிலேயே பெட்ரோலையும் ஆயிலையும் தனித்தனியாக ஊற்றும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஆயில் அடியில் இறங்கி ஃபில்டரைச் சுற்றி நிற்கும். முதலில் புகை, பிறகு ஆயில் இல்லாத பெட்ரோல் என்று போகும். ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும் முன்பும் கேனைக் குலுக்க வேண்டும். எஞ்சினை நிறுத்திச் சூடு தணிந்த பின் ஊற்றி, ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்யுங்கள்.

அளவு 20-க்குப் பதில் 21, 22 ஆனால் கவலைப்பட வேண்டாம்.

கோத்தகிரி, தேயிலைத் தோட்டம்: சில்வர் ஓக் கிளை வெட்ட இரண்டு மெஷின் வைத்திருக்கிறோம். ஈ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) வந்த பிறகு இரண்டும் ரேசிங்கில் கத்துகின்றன, அறுக்கும்போது இழுவை இல்லை. ஆயிலைக் கூட்டினால் சரியாகுமா?

ஆகாது அம்மா, இன்னும் மோசமாகும். காரணத்தைச் சொல்கிறேன். ஒரு கிலோ சுத்தப் பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏனென்றால் அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்தால் தேவை 13.5 அளவுக்கு இறங்குகிறது. கார்புரேட்டருக்கு இது தெரியாது. பழைய அளவிலேயே காற்றை விடுகிறது. எஞ்சினுக்குச் சுமார் 8 சதவீதம் எரிபொருள் பற்றாக்குறை. சுற்று ஏறும், சத்தம் கூர்மையாகும், சூடு ஏறும், இழுவை குறையும். நீங்கள் கேட்கும் கத்தல் அதுதான்.

ஸ்க்ரூ உள்ள கார்புரேட்டரில் எச் ஸ்க்ரூவை (முழு வேகத்தில் போகும் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) இடப்பக்கமாக எட்டில் ஒரு சுற்று திறந்து பாருங்கள். அதற்கு முன் ஏர் ஃபில்டர் சுத்தமாக இருக்க வேண்டும், செயின் கூராக இருக்க வேண்டும், எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். மரத்தில் வைக்காமல் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சத்தம் கொஞ்சம் கரகரவென்று, விட்டு விட்டு அடிப்பதுபோல் கேட்கும். மரத்தில் இறக்கியதும் அந்தக் கரகரப்பு மறைந்து சீராக வேண்டும். மரத்துக்கு வெளியேயும் வழவழவென்று கத்தினால் இன்னும் திறக்க வேண்டும். மரத்துக்குள்ளும் கரகரத்தால் கூடிவிட்டது. சுற்று காட்டும் டேக்கோமீட்டர் இருந்தால் கையேட்டில் உள்ள அதிகபட்சத்தைத் தாண்டாமல் நிறுத்துங்கள்.

சில சிறிய மாடல்களில் எச் ஸ்க்ரூவே கிடையாது. அவற்றுக்குத் திருகி ஈடுகட்ட வழியில்லை. கைமுறை கார்புரேட்டர் மெஷின்களுக்குப் பெரும்பாலான கையேடுகள் 10 சதவீத எத்தனாலோடு நிற்கின்றன, அதனால் எத்தனால் குறைந்த பெட்ரோல் தேடித்தான் ஆக வேண்டும். ஸ்டிலின் எம்-ட்ரானிக் போலத் தானே சரிசெய்துகொள்ளும் மெஷின்கள் வேறு கதை. அவை 27 சதவீதம் வரை தாங்கும் என்று கையேடே சொல்கிறது.

கோத்தகிரியிலிருந்தே தொடர்ந்து: எந்தப் பெட்ரோல் பங்க்கில் எத்தனால் குறைவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

100 மில்லி அளவுக் குழாய் ஒன்று போதும். 10 மில்லி தண்ணீர், அதன் மேல் ஆயில் கலக்காத பெட்ரோல் 90 மில்லி. வாயை மூடி நன்றாகக் குலுக்கிப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். கீழ் அடுக்கு 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. 19-க்குப் பக்கத்தில் வந்தால் 10 சதவீதம், 28-க்குப் பக்கத்தில் என்றால் 20 சதவீதம். திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். அந்தப் பெட்ரோலை மறுபடி எந்த வண்டியிலும் ஊற்றக் கூடாது.

கேனுக்குள்ளும் இதேதான் நடக்கிறது என்பதுதான் முக்கியம். மலைப் பனியிலும் மழைக்காலத்திலும் மூடி சரியாகப் போடாத கேனில் ஈரம் சேர்ந்து ஒரு அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் நிற்கும். ஆயில் மேலே பெட்ரோலோடு தங்கிவிடும். டேங்க் ஃபில்டர் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. ஆயில் சரியாகக் கலந்தும் எஞ்சினுக்கு ஆயில் போகாது. சந்தேகம் வந்தால் கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி ஓர் இரவு வைத்துப் பாருங்கள். அடியில் ஒரு கோடு தெரிந்தால் அந்தக் கேன் முழுவதும் தள்ளுபடி.

பொள்ளாச்சி, ரிப்பேர் கடை: சார், ஆயில் அளவாகக் கலந்தேன் என்று கஸ்டமர் சத்தியம் செய்கிறார், ஆனால் பிஸ்டன் சீஸ், சிலிண்டரில் இறுகிப் பிடித்துவிட்டது. எதை நம்புவது?

பிஸ்டனையும் எஞ்சினின் அடிப்பாகத்தையும் நம்புங்கள். சிலிண்டரைக் கழற்றியதும் கிராங்க், பேரிங், கனெக்டிங் ராட் மேல் முனை மூன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். காய்ந்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் இருந்தால் வெறும் பெட்ரோல் போயிருக்கிறது. பசை நன்றாக இருந்தும் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் நெடுக்குக் கீறல் என்றால் கஸ்டமர் சொன்னது உண்மை. அங்கே எரிபொருள் குறைந்து சூடு ஏறியிருக்கிறது. இன்டேக் பக்கம் மங்கலாகத் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டர் வழியே தூசி.

எக்ஸாஸ்ட் பக்கக் கீறல் என்றால் புது பிஸ்டன் போட்டு அனுப்பிவிடாதீர்கள், காரணம் உள்ளேயே இருக்கும். பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள். 0.5 பார் கொடுத்து முள் நிற்கிறதா பாருங்கள், பிறகு வாக்கம், அதாவது காற்றை உறிஞ்சிப் பார்க்கும் டெஸ்ட். பிரஷரில் நின்று வாக்கத்தில் இறங்கினால் கிராங்க் சீல். அடுத்து கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பர், பெட்ரோல் ஓஸ், டேங்க் ஃபில்டர், டேங்க் காற்றுத் துளை. எத்தனால் பட்டுப் பழைய ஓஸும் கார்புரேட்டருக்குள் இருக்கும் சவ்வான டயாஃப்ரமும் இறுகிப்போகும், ரிப்பேர் கிட் வாங்கி மாற்றிவிடுங்கள். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் சுற்று மெதுவாக இறங்குகிறது என்று கஸ்டமர் முன்பே சொல்லியிருந்தால் அது காற்று கசிவின் அறிகுறி. 40:1-க்கும் 50:1-க்கும் உள்ள வித்தியாசத்தால் சீஸ் ஆகும் மெஷின் மிக அபூர்வம்.

விழுப்புரம், சவுக்கு வெட்டு: 58 சிசி சைனா மெஷின் புதிதாக வாங்கினோம். 25:1 என்று போட்டிருக்கிறது. எப்போதுமே அப்படித்தானா?

முதல் ஐந்து டேங்க் 40 மில்லியிலேயே ஓட்டுங்கள். வாரண்டி இருக்கும் வரை கையேட்டில் உள்ளதை மாற்ற வேண்டாம். அதன் பின் எஃப்டி ஆயில் என்றால் 30 மில்லிக்கு இறங்கலாம், 20-க்குப் போகாதீர்கள். புது மெஷினை முதல் மூன்று டேங்க் வரை மரத்தில் வைக்காமல் முழு ஆக்சிலரேட்டரில் முறுக்கக் கூடாது. ஆயில் அளவைவிட இது முக்கியம்.

குளித்தலை: மூன்று மாதத்துக்கு முன் கலந்தது 2 லிட்டர் இருக்கிறது.

ஊற்றாதீர்கள். கலந்தது 30 நாளுக்குள் தீர வேண்டும், ஈ20 என்றால் இரண்டு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் கலப்பது நல்லது. வெட்டு முடிந்து மெஷினை வைக்கப்போகிறீர்கள் என்றால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓட்டிவிடுங்கள். அப்போதுதான் டயாஃப்ரம் ஒட்டாது.

நாகர்கோவில், ரப்பர்த் தோட்டம்: செயினுக்கும் இதே 2டி ஆயில் விடலாமா? வண்டியிலிருந்து இறக்கிய பழைய ஆயில்?

2டி ஆயில் செயினுக்கு மெல்லியது. பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) முனைக்குப் போவதற்குள் தெறித்துவிடும், காசும் வீண். இறக்கிய ஆயிலில் உலோகத் தூள் இருக்கிறது, ஆயில் பம்பைத் தின்றுவிடும். தோலுக்கும் கெடுதல். பார் ஆயில் என்று தனியே விற்பதில் ஒட்டும் தன்மை இருக்கிறது, அதையே வாங்குங்கள். பாரின் முனையைப் புதிதாக வெட்டிய கட்டையின் மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்து அரை ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஆயில் கோடாக விழ வேண்டும். ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது ஆயில் டேங்கும் தீரும் நிலைக்கு வந்திருக்க வேண்டும். அப்படியே நிறைந்திருந்தால் பாரைக் கழற்றி, அதன் அடியில் உள்ள ஆயில் துளையையும் நடுப்பள்ளத்தையும் மெல்லிய கம்பியால் சுத்தம் செய்யுங்கள். ரப்பர் பாலும் மரத்தூளும் சேர்ந்து முதலில் அடைப்பது அந்தத் துளையைத்தான்.