ரிங்கு வலைன்னு பேர் மாத்தினா சுருக்குமடி இல்லைன்னு ஆயிடுமா?

"ஃபைபர் போட்டுக்கு பழைய ரிங்கு வலை ஒண்ணு மலிவா வருது, இது சுருக்குமடி இல்ல, தடையெல்லாம் பெரிய விசைப்படகுக்குத்தான்னு புரோக்கர் சொல்றார், வாங்கலாமா, சுருக்குமடின்னா சரியா என்ன?"ன்னு ஒரு தம்பி கேட்டிருக்கார்.

தம்பி, முதல்ல அட்வான்ஸ் குடுக்காதீங்க.

மடின்னா வலையில மீன் வந்து சேர்ற பை. மடியில கனம்னு சொல்றோமே, காசு முடிஞ்சு வைக்கிற அந்த மடி மாதிரிதான். சுருக்கு, பாட்டி இடுப்புல சொருகியிருக்கிற சுருக்குப்பையில வர்ற சுருக்கு, ஆனா பைக்கு வாய் சுருங்கும், இந்த வலைக்கு அடி சுருங்கும். மேல மிதவை, கீழ ஈயம், ஈயத்தை ஒட்டி வரிசையா வளையம், வளையத்துக்குள்ள கயிறு. மத்தி, கானாங்கெளுத்தி, சூரை கூட்டமா மேல வர்றப்ப சுத்தி வலையை விட்டு கயிறை இழுத்தா அடி மூடிக்கும், மொத்தக் கூட்டமும் உள்ள. இங்கிலீஷ்ல பர்ஸ் செய்ன், பர்ஸும் பைதானே. அந்த வளையத்தைத்தான் ரிங்குங்கறாங்க, அதாவது உங்க புரோக்கர் பேர் சொல்லும்போதே ஒத்துக்கிட்டார்! இழுவைமடி, இரட்டைமடி வேற கதை, அதெல்லாம் கடல்ல இழுத்துட்டுப் போறது.

தமிழ்நாட்டுல 2000-லயே இதுக்குத் தடை. 2020 விதியில நாட்டுப்படகோ விசைப்படகோ, சைஸ் என்னவானாலும், இஞ்சின் பவர் என்னவானாலும் கூடாதுன்னு தெளிவா இருக்கு. இதை கரையில வந்து நாலு பேருக்குப் புரியுற மாதிரி சொல்ல ஆளில்லை, வலை தைச்சு கடலுக்குப் போனப்புறம் பிடிக்க மட்டும் வந்துடுறாங்க, நடுவுல புரோக்கர் காட்டுல மழை.

"சுப்ரீம் கோர்ட்டே விட்டுருச்சு"ன்னு அடுத்து சொல்வார். 2023 ஜனவரியில வந்தது இடைக்கால உத்தரவு. 12 கடல் மைலுக்கு அப்பால, அதாவது சுமார் 22 கிலோமீட்டர் தாண்டி, திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணிக்கு மேல கிளம்பி சாயங்காலம் 6-க்குள்ள கரை சேரணும், பதிவான படகு, ட்ராக்கர் ஓடிட்டே இருக்கணும், ஆளுக்கு அடையாள அட்டை. மணிக்கு 8 கடல் மைல் ஓடுற படகுன்னா போகவர 3 மணி நேரம் போயிடும், மிச்சம் 7 மணி நேரத்துல கூட்டத்தைத் தேடி, வலை விட்டு, இழுத்து, ஏத்தணும். கடன் வாங்கி வாங்குற உங்களுக்கு இது கட்டுமா?

வலையைப் பாக்கப் போனா விரிக்கக்கூட வேண்டாம், ஈயக் கயிறைத் தூக்கிப் பாருங்க. வளையமோ, வளையத்தைக் கழட்டின தடமோ இருந்தா திரும்பி வந்துடுங்க.