டம்பிள்டோர் யார் பக்கம்?

அன்புள்ள அண்ணா,

இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஹாரி பாட்டர் பார்த்த பிள்ளைகள் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். "ஹாரி படித்த மந்திரப் பள்ளியின் தலைமையாசிரியர் டம்பிள்டோர் நல்லவர் இல்லை மிஸ், கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடா மாதிரித்தானே ஹாரியை வளர்த்தார்?" என்கிறான் ஒருவன். எனக்குப் பதில் வரவில்லை. அவருக்கு ஹாரி மேல் பாசம் இருந்ததா? அவர் யாருக்கு விசுவாசமாக இருந்தார்?

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

கிடா உவமை சரியானதுதான். கதைக்குள்ளேயே, எதிரியான வோல்டிமார்ட்டின் ஆள்போல நடித்து டம்பிள்டோருக்கு உளவு பார்த்த ஆசிரியர் ஸ்னேப், ஏறக்குறைய அதையேதான் டம்பிள்டோரிடம் கேட்கிறார். ஆனால் பாசம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளையின் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வராமல்தான், ஹாரி அல்லது வோல்டிமார்ட் இருவரில் ஒருவர் மற்றவர் கையால் சாக வேண்டும் என்ற தீர்க்கதரிசனத்தை இத்தனை வருடம் மறைத்தேன் என்று ஐந்தாம் புத்தகத்தின் கடைசியில் கண்ணீரோடு ஒப்புக்கொள்கிறார். அது நடிப்பில்லை. பாசமும் இருந்தது, கணக்கும் இருந்தது.

இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது நம் மலைக்குப் புதிதா? தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொண்டுவந்து மேய்த்த பழைய பெரிய கங்காணியை நினைத்துப் பாருங்கள். அதே ஊர்க்காரர், பல நேரம் மாமன் மச்சான் முறை. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியில் ஆட்களை நடத்திக் கூட்டிவந்தவர். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் ஒரு சாவு என்றாலும் கலியாணம் என்றாலும் முன்னால் நின்றவர். அதே ஆள்தான் முன்பணத்தைக் கடனாக எழுதிவைத்தார். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் தோட்டத்துத் துரையிடம் காசு வாங்கினார். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டி அழைத்து வந்தார்கள் என்று நம் கிழவிகள் சொல்வார்களே, அதை நம்பி வந்தவர்களுக்கு மலையில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. அவருக்குத் தெரியும்.

டம்பிள்டோரைக் கங்காணி என்று சொல்ல வரவில்லை. அவர் தன் உயிரையும் அதே கணக்கில் எழுதினார். தன்னைக் கொல்லும்படி ஸ்னேப்பிடம் கேட்டவரே அவர்தான். இளவயதில் கிரிண்டல்வால்ட் என்ற மந்திரவாதியோடு சேர்ந்து உலகத்தை ஆளத் திட்டம் போட்டு, அதனால் மூண்ட சண்டையில் தங்கை ஏரியானாவைப் பறிகொடுத்தவர். தன்னிடம் அதிகாரம் இருப்பது ஆபத்து என்று அன்றே புரிந்துகொண்டு, மந்திரி பதவி தேடி வந்தபோதெல்லாம் வேண்டாம் என்றார். ஆனால் தெரிந்ததைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் கடைசிவரை போகவில்லை. அதுவும் ஒரு அதிகாரம்தானே?

உங்கள் மாணவன் ஹாரிக்காகக் கோபப்படுகிறான். எனக்கு ஸ்னேப்பை நினைத்தால்தான் நெஞ்சு கனக்கிறது. 1981-இல் ஹாரியின் அம்மாவும் ஸ்னேப் உயிராய் நேசித்தவளுமான லில்லி இறந்த பிறகு, அவள் பிள்ளையைக் காப்பாற்ற உதவு என்று கேட்டுத்தான் டம்பிள்டோர் அவரைத் தன் பக்கம் நிறுத்தினார். பல வருடம் கழித்து, வோல்டிமார்ட்டின் உயிரில் ஒரு துண்டு ஹாரிக்குள் இருப்பதால் நேரம் வரும்போது அந்தப் பிள்ளை சாகத்தான் வேண்டும் என்று அதே வாயால் சொன்னார். ஹாரி பிழைக்க ஒரு வழி இருக்கலாம் என்பது அப்போதே அவருக்குத் தெரியும். வோல்டிமார்ட் ஹாரியின் இரத்தத்தை எடுத்துத் தன் உடம்பை உண்டாக்கியபோதே அதைக் கண்டுகொண்டார். ஸ்னேப்பிடம் சொல்லவில்லை. சாகத்தான் போகிறோம் என்று நம்பி ஹாரி நடந்தால்தான் அது பலிக்கும், ஸ்னேப்போ உளவாளியாக எதிரியின் பக்கத்திலேயே நிற்கிறவர். சரி, நியாயம் புரிகிறது. ஆனாலும் லில்லியின் பிள்ளை செத்துப்போவான் என்று நினைத்துக்கொண்டேதான் அந்த மனுசன் கண்ணை மூடினார். ஹாரிக்காவது கடைசியில், சாவுக்கும் உயிருக்கும் நடுவில், டம்பிள்டோரிடமே எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வெள்ளை ரயில் நிலையம் கிடைத்தது.

அதனால் என் பதில் இதுதான்: டம்பிள்டோருடைய விசுவாசம் போருக்கு. பாசம் ஹாரிக்கு. ஸ்னேப்புக்கு அவர் கொடுத்தது வேலை மட்டும்.

ஸ்னேப்பின் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் உண்மையைக் கேட்டிருப்பீர்களா, கேட்காமலே காவல் நின்றிருப்பீர்களா என்று வகுப்பில் கேளுங்கள். கிடா சொன்ன பையன் என்ன சொல்கிறான் என்று எனக்குக் கட்டாயம் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்