சட்டைப்பைக் கணினிகள்: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் செல்பேசிகளைப் பற்றி எழுதியபோது, கையடக்கக் கணினியைக் குறிக்கும் ‘பி.டி.ஏ.’ என்ற சொல்லைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த இதழின் பகுதியை நிரப்பிவிட்டன.

கேள்வி: ‘பி.டி.ஏ.’ என்ற பெயரைச் சூட்டியவர் யார்? அந்தப் பெயரோடு வந்ததுதான் முதல் கையடக்கக் கணினியா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: 1992 ஜனவரியில் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த நுகர்வோர் மின்னணுப் பொருட்காட்சியில், அப்போது ஆப்பிள் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஜான் ஸ்கல்லி, ‘பெர்சனல் டிஜிட்டல் அசிஸ்டன்ட்’ என்ற தொடரை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதன் சுருக்கமே பி.டி.ஏ. ஆனால் பெயர் வைப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே பிள்ளை பிறந்து நடமாடத் தொடங்கிவிட்டது. 1980-இல் ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் வெளியிட்ட பி.சி.-1211 என்ற கருவி பார்வைக்குக் கால்குலேட்டர் போலத்தான் இருந்தது. இருந்தாலும் அதில் பேசிக் மொழியில் நிரல் எழுதி இயக்க முடிந்தது. திரையில் ஒரே வரி, அந்த வரியில் 24 எழுத்துகள். அமெரிக்காவில் டாண்டி நிறுவனம் அதையே தன் பெயரைப் பொறித்து விற்றது. அது பொறியாளர்களும் மாணவர்களும் கணக்குப் போட வாங்கிய பொருள். முகவரியையும் நாள்குறிப்பையும் காகிதத்திலிருந்து கருவிக்கு மாற்ற வேண்டும் என்ற எண்ணம் சந்தையில் வேரூன்றியது 1984-இல் இங்கிலாந்தின் சையான் நிறுவனம் ‘ஆர்கனைசர்’ என்ற கருவியைக் கொண்டுவந்த பிறகுதான்.

கேள்வி: கப்பலில் பணிபுரிந்த என் தந்தையாரின் பெட்டியில் ‘சையான் ஆர்கனைசர் 2’ என்ற கருவி இருக்கிறது. அதன் விசைகள் ஏ, பி, சி என்று அகரவரிசையில் இருப்பது ஏன்? அதனுடன் உள்ள சிறு பெட்டியில் இருப்பதை அழித்தாலும் இடம் காலியாவதில்லையே? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: பத்திரமாக வைத்திருங்கள், அது 1986-இல் வெளிவந்த கருவி. முதல் ஆர்கனைசரில் ஒரு வரியாக இருந்த திரை, வரிக்கு 16 எழுத்துகள் வீதம் இரண்டு வரிகளாக வளர்ந்தது இதில்தான். உறை போன்ற மூடியை இழுத்தால் உள்ளே விசைகள் தெரியும். தட்டச்சுப் பலகையின் வரிசை பத்து விரல்களுக்கும் பழகியவர்களுக்கு உரியது. உள்ளங்கையில் ஏந்தி ஒரு விரலால் அழுத்தும் கருவிக்கு, தட்டச்சு தெரியாதவரும் தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய அகரவரிசையே பொருத்தம் என்று அதைச் செய்தவர்கள் கருதியிருக்க வேண்டும்.

‘அழித்தாலும் இடம் காலியாவதில்லை’ என்று நீங்கள் எழுதியிருப்பது கருவியின் பழுதன்று, அதன் இயல்பே அதுதான். அந்தச் சிறு பெட்டிக்கு ‘டேட்டாபேக்’ என்று பெயர். அதற்குள் இருப்பது ஈப்ராம் வகை நினைவகச் சில்லு. மின்கலம் தீர்ந்தாலும் எழுதியது அழியாது என்பது அதன் பெருமை. நாமே அழிக்க நினைத்தாலும் எளிதில் அழியாது என்பது அதன் சிக்கல். ஒரு முகவரியை நீக்கும்படி சொன்னால், கருவி அதன்மேல் ‘நீக்கப்பட்டது’ என்ற அடையாளத்தை மட்டும் இட்டு, கண்ணில் படாமல் மறைத்துவிடும். அது பிடித்திருந்த இடம் பிடித்தபடியே கிடக்கும். திருத்தினாலும் அதே கதைதான்: பழைய பதிவு மறைக்கப்பட்டு, புதிய பதிவு கடைசியில் சேரும். பெட்டி நிறைந்துவிட்டால், அதைக் கழற்றிப் புற ஊதாக் கதிர் விளக்கின் கீழ் வைத்து முழுவதையும் ஒருசேரத் துடைத்தெடுத்த பிறகே மறுபடி எழுத முடியும். ஆகவே உங்கள் தந்தையார் ‘அழித்த’ முகவரிகள் கூட அந்தச் சில்லுக்குள் இன்னும் இருக்க வாய்ப்பு உண்டு.

கேள்வி: ஆப்பிளின் ‘நியூட்டன்’ தோற்றதற்குக் கையெழுத்தைப் படிக்கத் தெரியாததுதான் காரணமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: முதன்மையான காரணம் அதுதான்; ஆனால் படிக்கத் தெரியவில்லை என்பதைவிட, தவறாகப் படித்த விதம்தான் அதன் மானத்தை வாங்கியது என்பேன். நியூட்டன் மெசேஜ்பேட் 1993 ஆகஸ்ட் மாதம் 699 டாலர் விலையில் கடைக்கு வந்தது. விசைப்பலகை கிடையாது, திரைமேல் நம் வழக்கமான கையெழுத்தில் எழுதினால், அதுவே புரிந்துகொண்டு அச்செழுத்தாக மாற்றும் என்பது வாக்குறுதி. கூட்டெழுத்தாக இழுத்து எழுதுவதைப் படிக்கும் மென்பொருளை பாராகிராஃப் என்ற ரஷ்ய நிறுவனத்திடமிருந்து பெற்றிருந்தார்கள். அது எழுத்தெழுத்தாகப் படிப்பதைவிட, சொல்லின் முழு வடிவத்தை எடுத்துத் தன்னிடமுள்ள சொற்பட்டியலோடு ஒப்பிட்டு, எது நெருங்கி வருகிறதோ அதைத் திரையில் காட்டுவதையே பெரிதும் நம்பியிருந்தது.

இதன் விளைவை நம் மொழியில் வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். ‘வாடகை’ என்று நாம் எழுதியது ‘வாடமை’ என்று வந்திருந்தால், ஓர் எழுத்துப் பிழை என்று சிரித்துவிட்டுத் திருத்தியிருப்போம். அதுவே ‘வாழ்க்கை’ என்று வந்து நின்றால்? பிழையே இல்லாத, நமக்குச் சம்பந்தமும் இல்லாத ஒரு சொல். ஊர்ப்பெயர், ஆட்பெயர் எழுதினால் பாடு இன்னும் மோசம். பட்டியலில் இல்லாத பெயருக்குப் பட்டியலில் உள்ள ஏதோ ஒரு சொல்லைப் பிடித்து வைத்துவிடும். நாளாக நாளாகப் பயனரின் கையெழுத்துக்கு அது பழகிக்கொள்ளும் என்றார்கள். ஆனால் கடையில் ஐந்து நிமிடம் எழுதிப் பார்த்தவருக்கு அந்தப் பொறுமை ஏது? அதே ஆகஸ்டில் ஓர் அமெரிக்க நாளிதழ்ச் சித்திரத் தொடர் இந்தப் பிழைகளைக் கேலிக்கு எடுத்துக்கொண்டது; அதன் பிறகு நியூட்டன் என்றாலே சிரிப்பு என்றாகிவிட்டது.

இரண்டாம் பதிப்பு மென்பொருளில், பிரித்துப் பிரித்து எழுதும் எழுத்துகளைப் படிக்க ஆப்பிளின் ஆய்வாளர்களே உருவாக்கிய முறை சேர்க்கப்பட்டது. அது நன்றாகவே வேலை செய்தது. அதற்குள் பெயர் கெட்டுவிட்டது. விலையும் அதிகம், உருவமோ சட்டைப்பைக்கு அடங்காதது. 1998 பிப்ரவரியில் ஆப்பிள் அதைக் கைவிட்டது.

ஆனாலும் நியூட்டன் ஒன்றை விட்டுச் சென்றது. மின்சாரத்தை மிகக் குறைவாகக் குடிக்கும் செயலிச் சில்லு தேவைப்பட்டதால், 1990 நவம்பரில் ஏகார்ன், வி.எல்.எஸ்.ஐ. ஆகிய நிறுவனங்களோடு சேர்ந்து ஆப்பிள் தொடங்கிய கூட்டு நிறுவனம்தான் ஆர்ம். இன்று நீங்கள் வைத்திருக்கும் செல்பேசியின் செயலிச் சில்லு பெரும்பாலும் அந்த வழியில் வந்ததே.

கேள்வி: நியூட்டன் தோற்ற இடத்தில் ‘பாம் பைலட்’ எப்படி வென்றது? அதைச் செய்தவர் மரக்கட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார் என்பது உண்மையா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: உண்மைதான். பைலட்டை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் அதற்கு முன் இரண்டு கருவிகளில் அனுபவப்பட்டவர். 1989-இல் வந்த ‘கிரிட்பேட்’ இரண்டு கிலோ எடை. கிடங்குகளிலும் அலுவலகங்களிலும் படிவம் நிரப்பப் பயன்பட்டது. பிறகு அவருடைய பாம் நிறுவனம் மென்பொருள் எழுத, கேசியோ தயாரித்த ‘ஜூமர்’ 1993-இல் வந்தது. வேகம் போதாமல் அது படுத்துவிட்டது. அந்தத் தோல்வியிலிருந்து ஹாக்கின்ஸ் எடுத்துக்கொண்ட பாடம், இந்தக் கருவிக்குப் போட்டி கணினி அன்று, காகிதம்தான் என்பது. சட்டைப்பை நாட்குறிப்பை எடுத்துப் பிரிக்கும் நேரத்துக்குள் கருவி விழித்துக்கொண்டு பதில் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் மனிதன் நாட்குறிப்பையே எடுப்பான்.

அளவு சரியா என்று பார்ப்பதற்காகச் சட்டைப்பையில் அடங்கும்படி மரக்கட்டை ஒன்றைச் செதுக்கி வைத்துக்கொண்டார். சீனர்கள் உணவு எடுத்து உண்ணும் குச்சி ஒன்றைச் சீவி எழுதுகோல் ஆக்கிக்கொண்டார். யாராவது சந்திக்க நேரம் கேட்டால், கட்டையை வெளியே எடுத்து, குச்சியால் அதன்மேல் தட்டி, நாளைப் பார்ப்பது போல் பாவனை செய்வார். கண்டவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ! ஆனால் எத்தனை தட்டில் ஒரு வேலை முடிய வேண்டும் என்பது அந்தக் கட்டையிலேயே முடிவாகிவிட்டது.

எழுதும் சிக்கலுக்கு அவர் கண்ட வழி இன்னும் துணிச்சலானது. கருவி மனிதனின் கையெழுத்தைக் கற்கட்டும் என்று நியூட்டன் காத்திருந்தது. மனிதன் கொஞ்சம் மாற்றி எழுதக் கற்றுக்கொள்ளட்டும் என்றார் இவர். ‘கிராஃபிட்டி’ எனப்பட்ட அந்த முறையில் பெரும்பாலான எழுத்துகளுக்கும் ஒரே கோடு. எழுதுகோலை எடுத்தால் எழுத்து முடிந்தது என்று பொருள். ஆங்கில ‘ஏ’ எழுத்துக்கு நடுக்கோடு கிடையாது, கூரை போன்ற இரண்டு சாய்வுகள் போதும். ‘டி’ (T) எழுத்துக்கு இடமிருந்து வலமாக இழுத்து அப்படியே கீழே இறக்க வேண்டும். இடைவெளிக்கு வலப்பக்கமாக ஒரு கோடு, பிழையை அழிக்க இடப்பக்கமாக ஒரு கோடு. எழுத்துக்கு ஒரு கட்டம், எண்ணுக்கு அடுத்த கட்டம் என்று இடமும் பிரித்துவைத்தார்கள். எழுத்தைக் கருவிக்கு ஏற்ப ஒடுக்குவது நமக்குப் புதிதன்று; ஓலையில் எழுதிய நம் முன்னோர், எழுத்தாணி முனை ஓலையைத் துளைத்துவிடும் என்று மெய்யெழுத்தின் புள்ளியையே விட்டுவிட்டு எழுதினார்கள்.

1996-இல் வந்த ‘பைலட் 1000’ கருவியின் விலை 299 டாலர். 128 கிலோபைட் நினைவகம், 160-க்கு 160 புள்ளிகள் கொண்ட கருப்பு வெள்ளைத் திரை, மெல்லிய இரண்டு மின்கலங்கள். மின்கலங்கள் வாரக்கணக்கில் தாங்கின. மேசையில் உள்ள தாங்கியில் கருவியைச் செருகி ஒரே பொத்தானை அழுத்தினால், முகவரிகளும் சந்திப்புகளும் கணினியோடு ஒத்திசைந்துவிடும். பேனா செய்யும் ‘பைலட்’ நிறுவனம் பெயருக்காக வழக்குத் தொடுத்ததால், பின்னர் ‘பைலட்’ போய் ‘பாம்’ மட்டும் நின்றது.

கேள்வி: செல்பேசியும் கைக்கணினியும் முதன்முதலில் ஒன்றானது எப்போது? (வாசகர், சேலம்)

பதில்: 1994 ஆகஸ்டில் அமெரிக்காவில் பெல்சவுத் நிறுவனம் விற்ற ஐ.பி.எம். ‘சைமன்’ கருவியில். தொடுதிரை, நாட்காட்டி, மின்னஞ்சல், தொலைநகல் எல்லாம் இருந்தன. அரைக் கிலோ எடை. ஒரு மணி நேரம் பேசினால் மின்கலம் தீர்ந்துவிடும். வேறென்ன சொல்ல?

கேள்வி: இந்தியாவில் யாரும் இப்படி முயலவில்லையா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: முயன்றார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சிலரும் என்கோர் நிறுவனத்தினரும் சேர்ந்து உருவாக்கிய ‘சிம்ப்யூட்டர்’ 2001-இல் முன்மாதிரியாக வெளிவந்தது. அமெரிக்கக் கருவிகள் ஒருவர் பையில் இருக்கப் பிறந்தவை. இது ஒரு கருவியை ஊரே பகிர்ந்துகொள்ளட்டும் என்று பிறந்தது. ஒவ்வொருவரும் தமக்குரிய ஸ்மார்ட் அட்டையைச் செருகித் தம் விவரங்களைப் பார்த்துக்கொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்காக எழுத்தைக் குரலாக வாசிக்கும் மென்பொருளையும் அதற்கென எழுதினார்கள். விலை 9,000 ரூபாய் அளவில் இருக்க வேண்டும் என்பது இலக்கு. 2004-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் ‘அமிடா’ என்ற பெயரில் அது கடைக்கு வந்தபோது, விலை குறைந்த செல்பேசிகள் சந்தையை நிறைக்கத் தொடங்கியிருந்தன; எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை. அசைவை உணரும் கருவி ஒன்றும் அமிடாவில் இருந்தது. மணிக்கட்டைச் சற்றே அசைத்தால் திரையில் பக்கம் புரளும்.