முயலுக்கு டிரே பழக்குவது எப்படி: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எங்கள் குட்டிக்கு மூன்று மாதம். சிறுநீரும் புழுக்கையும் போவதற்காகக் கூண்டில் டிரே வைத்திருக்கிறேன். ஆனால் அதற்கு நேர் எதிர் மூலையில்தான் போகிறது. தூக்கி டிரேயில் விட்டால் உடனே குதித்து ஓடிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: டிரேயை அந்த எதிர் மூலைக்கு மாற்றுங்கள். எந்த மூலையில் சிறுநீர் கழிப்பது என்று முயல் தானே முடிவு செய்யும், அதற்கு நாம்தான் ஒத்துப்போக வேண்டும். மாற்றியதும் இதைச் செய்யுங்கள். தரையில் கிடக்கும் சிறுநீரை ஒரு டிஷ்யூவில் ஒற்றி டிரேக்குள் போடுங்கள், புழுக்கையும் ஒரு கைப்பிடி அள்ளிப் போடுங்கள். தரையை மட்டும் வாடையே இல்லாமல் துடைத்துவிடுங்கள். வாடை இருக்கும் இடம்தான் அதற்குக் கழிப்பிடம்.

அடுத்தது காய்ந்த புல். முயல் மென்றுகொண்டேதான் புழுக்கை போடும். அதனால் புல்லை டிரேயின் ஒரு பக்கத்தில் குவித்து வையுங்கள், அல்லது டிரேயில் உட்கார்ந்தபடியே வாய் எட்டும் உயரத்தில் புல் தட்டைக் கட்டுங்கள். பழகாத முயல்களில் பலவற்றுக்கு இந்த ஒரு மாற்றமே போதும்.

தூக்கிக் கொண்டுபோய் விடுவதை நிறுத்துங்கள். தரையில் வாழும் பிராணியைத் திடீரென்று தூக்கினால், வேட்டையாடும் விலங்கு கவ்விவிட்டதாகவே அது பதறும். அந்தப் பயம் டிரேயோடு சேர்ந்துவிடும். அசையாமல் நின்று, பின்பக்கத்தை மூலை நோக்கி நகர்த்தி, வாலை லேசாக உயர்த்தினால் சிறுநீர் வரப்போகிறது என்று அர்த்தம். அப்போது பின்னால் மெல்லக் கை வைத்து டிரே பக்கம் ஓட்டிவிடுங்கள். உள்ளே போனால் விரல் நகம் அளவு ஆப்பிள் துண்டு கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

முதல் வாரம் கூண்டும் அதை ஒட்டிய சிறு அடைப்பும் மட்டும் போதும். மூன்று நாள் தொடர்ந்து தவறு இல்லையென்றால் இடத்தைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். தவறினால் பழையபடி சுருக்குங்கள். முதல் நாளே வீடு முழுக்கத் திறந்துவிட்டால் டிரே எங்கே என்பதே அதற்கு மறந்துபோகும்.

கேள்வி: பூனைக்கு வாங்கும் மணலையே போடலாமா?

பதில்: கூடாது. ஈரம் பட்டால் கட்டியாகும் களிமண் வகை முயலின் வயிற்றுக்குள்ளும் அப்படித்தான் இறுகும். டிரேயில் கிடப்பதை முயல் கடித்துப் பார்க்கும், முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. சிலிகா மணிகளும், சோளத் தக்கையை அரைத்துச் செய்ததும் வேண்டாம். தேவதாரு, பைன் மரச் சீவல்களில் பதப்படுத்தாதவற்றின் வாசனைப் பொருள் கல்லீரலைப் பாதிக்கும். மெல்லிய மரத்தூளும் மூச்சுக்குழாய்க்கு ஆகாது.

காகிதக் கூழை அழுத்திச் செய்த உருண்டைகள் அல்லது சூளையில் உலர்த்திய மரத்தூளை அழுத்திச் செய்த உருளைகள் நல்லவை. இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினால் போதும். மர உருளை நனைந்தால் உதிர்ந்து தூளாகிவிடும், எவ்வளவு பகுதி நனைந்திருக்கிறது என்று பார்த்ததும் தெரியும். அடுப்பெரிக்க விற்பதை வாங்கினால் தீப்பற்றும் ரசாயனம் கலக்காததா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் செய்தித்தாள் ஈரத்தை இழுக்கும், வாடையை அடக்காது.

கேள்வி: டிரேக்குள்தான் உட்காருகிறது. ஆனால் சிறுநீர் வெளியே தெறிக்கிறது.

பதில்: அது சரியாகத்தான் செய்கிறது, டிரேதான் சின்னது. முயல் பின்பக்கத்தை ஓரத்தில் ஒட்டி வாலைத் தூக்கித்தான் கழிக்கும். கூண்டோடு வரும் முக்கோண மூலை டிரே பெரும்பாலான முயல்களுக்கு உதவாது. முயல் கால் நீட்டிப் படுத்தாலும் இடம் மிஞ்ச வேண்டும். துணி அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டி, வெட்டிய விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிடுங்கள். மற்ற மூன்று பக்கமும் உயரமாக இருப்பதால் தெறிக்காது.

கேள்வி: ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஆண் முயல், ஐந்தாம் மாதம் வந்ததும் சுவரெல்லாம் பீய்ச்சி அடிக்கிறது. பழகியதை மறந்துவிட்டதா மேடம்?

பதில்: மறக்கவில்லை, பருவத்துக்கு வந்துவிட்டது. இது எல்லையைக் குறிக்கும் செயல். திரும்பப் பழக்கி இதை நிறுத்த முடியாது, கருத்தடை ஆபரேஷன்தான் வழி. நான்கு முதல் ஆறு மாத வயதில் செய்வது வழக்கம். முயலுக்கு ஆபரேஷன் செய்து அனுபவமுள்ள மருத்துவரையே தேடுங்கள். ஆபரேஷனுக்கு முன் முயலைப் பட்டினி போடச் சொன்னால், வேறு மருத்துவரிடம் கேட்பது நல்லது. முயலின் குடல் ஓயக் கூடாது.

ஹார்மோன் வடிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், அதுவரை பொறுங்கள். அந்த நாட்களில் ஆண் முயலால் இன்னும் கருத்தரிக்க வைக்க முடியும் என்பதால் பெண் முயலோடு விடாதீர்கள். பெண் முயல் வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏற கர்ப்பப்பைப் புற்றுநோய் மிகச் சாதாரணமாக வருகிறது. டிரே பழக்கத்துக்காக இல்லாவிட்டாலும் அதற்காகவாவது செய்துவிடுங்கள்.

கேள்வி: சிறுநீர் டிரேயில்தான். புழுக்கை மட்டும் அங்கங்கே கிடக்கிறது.

பதில்: பத்து இருபது கிடந்தால் விட்டுவிடுங்கள். நாளைக்கு இருநூறு, முந்நூறு போடும் பிராணி. புதிதாக இன்னொரு முயல் வந்திருந்தாலோ, கூண்டை இடம் மாற்றியிருந்தாலோ கொஞ்சநாள் கூடும், பிறகு அடங்கும்.

கேள்வி: சோபாவிலும் மெத்தையிலும் போகிறது. அடித்தால் கேட்குமா?

பதில்: கேட்காது. மூக்கைப் பிடித்துத் தேய்ப்பதும் கூடாது. உங்களைக் கண்டாலே ஓடி ஒளியும், வேறு எதையும் கற்காது. மெத்தென்று ஈரம் உறிஞ்சும் இடம் எதுவானாலும் முயலுக்கு டிரே மாதிரித்தான் தெரியும். சில வாரம் மெத்தைக்கு ஏறவிடாதீர்கள், நீர் புகாத விரிப்பு போடுங்கள். சோபா பக்கத்தில் இன்னொரு டிரே வைப்பதும் நல்லது.

துடைக்க வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு. டிரேயில் வெள்ளையாகப் படியும் கறை கால்சியம். அதன்மேல் தண்ணீர் கலக்காத வினிகரை ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டால் கையாலேயே உரிந்துவரும். பிளீச்சிங் திரவம் வேண்டாம். சிறுநீரில் இருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

கேள்வி: சிறுநீர் சிவப்பாக இருக்கிறது, ரத்தமா? பயமாக இருக்கிறது.

பதில்: பெரும்பாலும் இல்லை. தாவர நிறமிகளால் ஆரஞ்சு, செங்கல் நிறம் வரைக்கும் போகும். ஒரே சீரான நிறமாக இருந்து, ஓரிரு நாளில் மாறினால் கவலை வேண்டாம். வெளிறிய சிறுநீருக்குள் தனியாகச் சிவப்புத் திட்டோ இழையோ தெரிந்தால் ரத்தமாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கொஞ்சம் கலங்கலாக இருப்பது இயல்பு. பற்பசை மாதிரி கெட்டியாக வந்தால் சிறுநீர்ப்பையில் கால்சியம் சேர்கிறது, அதையும் காட்ட வேண்டும்.

கேள்வி: கருப்பாக, பளபளவென்று திராட்சைக் கொத்து மாதிரி ஒன்று கிடந்தது. வயிற்றுப்போக்கா?

பதில்: இல்லை. பெருங்குடல் பையில் நொதித்து வரும் சத்துள்ள கழிவு அது. முயல் குனிந்து நேராக வாயில் வாங்கி உண்டுவிடும், அதனால் நம் கண்ணில் படாது. என்றாவது ஒன்று கிடந்தால் சரி. தினமும் கிடந்தால் பெல்லட் தீவனத்தையும் பழத்தையும் குறைத்துக் காய்ந்த புல்லைக் கூட்டுங்கள். உடல் பருத்தோ மூட்டு வலித்தோ குனிய முடியாத முயலும் இப்படி விட்டுவைக்கும்.

சாதாரணப் புழுக்கை ஒன்றை நசுக்கிப் பாருங்கள். உள்ளே புல் நார்தான், வாடை அநேகமாக இருக்காது. முடியால் கோத்த மணிமாலை போல வந்தால் ரோமம் உதிரும் காலம், தினமும் சீவி விடுங்கள்.

கேள்வி: ஆறு வயது முயல். இத்தனை வருடமும் தவறியதே இல்லை. இரண்டு வாரமாக டிரே வாசலிலேயே போய்விடுகிறது.

பதில்: உடல்நலத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மூட்டுவலி இருந்தால் 10 சென்டிமீட்டர் படியும் மலைதான். சிறுநீர்த் தொற்று, சிறுநீர்ப்பைக் கல் இருந்தாலும் இப்படிச் சொட்டும். மருத்துவரிடம் சிறுநீரும் எக்ஸ்ரேயும் பார்க்கச் சொல்லுங்கள். பாதத்தின் அடிப்பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள், ரோமம் போய்ச் சிவந்திருந்தால் டிரேயில் கம்பி வலை இருந்தால் எடுத்துவிட்டு மேலே புல்லைத் தடிமனாகப் பரப்புங்கள். வாசலை 3 சென்டிமீட்டருக்கு வெட்டிக் கொடுங்கள், முன்னால் வழுக்காத பாய் போடுங்கள்.

தினமும் காலையில் புழுக்கையை எண்ணாவிட்டாலும் டிரேயை ஒரு பார்வை பாருங்கள். புழுக்கை சிறுத்து எண்ணிக்கை குறைந்தால் குடல் மந்தமாகிறது. பத்துப் பன்னிரண்டு மணி நேரமாகச் சாப்பிடாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரவானாலும் மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள்.